சேர்வையர் இளையதம்பியும் ஓர் அரைத்தட்டும்

ஊர்காவற்றுறை நீதிமன்றத்தில் அன்று ஒரு காணி வழக்கு. சாட்சி வரிசையில் முதற்பெயர் சேர்வையர் இளையதம்பியுடையது. சேவகர் விறாந்தையில் நின்று வழக்கப்படி மூன்று முறை அவருடைய பெயரைக் கூவினார். மூன்றாம் முறைக்குப் பிறகு, விறாந்தையின் கோடியில் குந்தியிருந்த வேலணையார் ஒருவர் எழுந்து, "அவர் இனி வரமாட்டார் ஐயா. விடியக் காலமை முடிஞ்சுபோனார்" என்றார். சேவகர் உள்ளே வந்து அதைச் சொன்னார். நீதவான் பேனாவை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் எழுந்து என் கட்சிக்காரருக்காகத் தவணை கேட்டேன். தவணை கிடைத்தது. இருபத்தைந்து வருடப் பழக்கத்துக்கு நான் செய்த முதல் மரியாதை அந்த விண்ணப்பம்தான்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் அச்சிட்டுக் கொடுக்கும் நினைவுப் புத்தகமான கல்வெட்டுக்காக அவருடைய மருமகன் என்னிடம் நாலு பக்கம் கேட்டார். இந்த இரண்டு வருடங்களில் இப்படி நான் எழுதுவது இது ஐந்தாவது. இந்த உலக யுத்தம் எங்கள் தீவுகளில் குண்டு எதையும் போடவில்லை. ஆனால் மருந்தும் அரிசியும் தட்டுப்பாடான இவ்வருடங்களில் என் வயதுக்காரர் ஒவ்வொருவராகப் போகிறார்கள். எழுதத் தெரிந்தவன் என்று என்னிடம் வருகிறார்கள். கை சலித்துவிட்டது என்பதை மறைப்பதில் பயனில்லை. கல்வெட்டுக்குப் பாட்டுகளை வேறொருவர் பாடுகிறார். அவற்றில் சேர்வையர் கற்பகதருவாக இருப்பார். எனக்கு ஆட்சேபம் இல்லை. நான் கண்டதையும் என் காதால் கேட்டதையும் மட்டும் எழுதுகிறேன். பிறர் சொல்லி அறிந்ததை அப்படியே பிறர் சொன்னது என்று குறிப்பிடுவேன்.

அவரை அறிந்தவர்களுக்கு அவர் இரண்டு காரியங்களால் அறிமுகமானவர். ஒன்று, அரசாங்க அனுமதி பெற்ற நில அளவையாளர், ஊர்ப் பேச்சில் சேர்வையர். வேலணை, நாரந்தனை, நெடுந்தீவு, நயினாதீவு ஆகிய இடங்களில் பிரிக்கப்பட்ட காணிகளின் படங்களில் பெரும்பங்கு அவர் கையால் வரையப்பட்டவை. மற்றது, தாளக் கணக்கு. அவர் எந்த வாத்தியமும் வாசித்ததில்லை; பாடியும் நான் கேட்டதில்லை. ஆனால் தவில்காரர் ஒருவர் வாசிப்பதை ஒரு தரம் கேட்டால், அதன் கணக்கைப் பென்சிலால் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் காட்டிவிடுவார். இதை எங்கே படித்தார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

இவ்விரண்டும் அவருக்கு இரண்டு காரியங்களாக இருக்கவில்லை என்பதை நான் நெடுந்தீவில் கண்டேன். அங்கே ஒரு பங்குவழக்குக்காக அவர் அளக்கப் போனபோது கட்சிக்காரரோடு நானும் போயிருந்தேன். பவளக்கல் மதில்கள் அங்கே நேராக ஓடுவதில்லை. காணிக்காரர் இருபகுதியாரும் அளவைச் சங்கிலிக்கு இருபுறமும் ஏசிக்கொண்டே நடந்தார்கள். அந்த ஏச்சில் சங்கிலி பிடித்த சூசைக்கு எண்ணிக்கை தவறிவிட்டது. ஏழாவது சங்கிலியா எட்டாவதா என்று அவனுக்கு நிச்சயமில்லை.

"ஏழெண்டு வையுங்கோவன், சேர்வையர். வெயில் கொல்லுது."

"சந்தேகம் வந்தா ஏழும் இல்லை, எட்டும் இல்லை. தொடங்கின கல்லுக்குப் போ."

எல்லாரும் திரும்பி நடந்தோம். இம்முறை அவர் சூசைக்கு ஓர் உபாயம் சொல்லிக் கொடுத்தார். சங்கிலிக்கு ஒரு கம்பி நடுவது வழக்கம்; பத்துக் கம்பியானதும் புத்தகத்தில் ஒரு கோடு. ஒவ்வொரு கம்பிக்கும் 'தகதகிட' என்ற ஐந்தெழுத்துச் சொல்லில் ஓர் எழுத்தைச் சொல்ல வேண்டும். சொல் இரண்டு முறை முடிந்தால் பத்து. எண்ணை மறக்கலாம், சொல்லின் நடுவில் நிற்க மனிதனால் ஏலாது என்பது அவருடைய கட்சி. சூசை உரத்த குரலில் 'த' என்று ஒரு கம்பியும் 'க' என்று ஒரு கம்பியும் நட்டுக்கொண்டு போனான். ஏசிக்கொண்டு வந்தவர்களும் சிறிது தூரத்தில் அடுத்த எழுத்துக்காகக் காத்திருக்கத் தொடங்கிவிட்டார்கள்.

"சேர்வையர், இது அளவையோ, கூத்தோ?" என்றான் சூசை.

"கூத்திலை அடி பிழைச்சா அண்ணாவியார் ஏசுவார். இஞ்சை பிழைச்சா பிரக்கிராசியார் மூண்டு வருஷம் வழக்குப் பேசுவார். உனக்கு எது வேணும்?"

பிரக்கிராசியார் என்றது வழக்கறிஞனான என்னை. நான் சிரிக்கவில்லை, அந்த வழக்கு உண்மையில் நாலு வருடம் நடந்தது.

எனக்குச் சங்கீத ஞானம் கிடையாது. திரும்பி வரும் தோணியில் காற்று விழுந்து நெடுநேரம் மிதந்துகொண்டிருந்தோம். தாளம் என்றால் என்ன என்று எனக்கு விளங்கும்படி சொல்லும் என்று கேட்டேன். அவர் சிறிது யோசித்தார். "தாளம் எண்டது ஒரு உறுதிக்காணி. நாலெல்லையும் எழுதியாச்சு. உள்ளுக்கை நீர் வாழை வைப்பீரோ வெங்காயம் வைப்பீரோ, அது உம்மடை பாடு. ஆனா எல்லைக்கு அங்காலை ஒரு விரல் போகப்படாது."

"அப்படியானால் கலை என்பது எதிலை இருக்கு? எல்லையிலையோ?"

"வாழையிலை" என்றார். பிறகு, கடலைப் பார்த்தபடி, "கணக்குச் சரியெண்டா வடிவு வந்திடும் எண்டில்லை. கணக்குப் பிழையெண்டா வடிவு நிக்காது. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்" என்றார். அதற்குமேல் தெரிந்ததாக அவர் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை.

இனி எழுதப்போவது பலருக்கு ஓரளவு தெரிந்த சம்பவம். தெரிந்தவர்கள் சொல்லும் விதங்கள் ஒன்றோடொன்று ஒத்துவராதபடியால் நான் முழுமையாக எழுதுகிறேன். கோயிலின் பெயரைக் குறிப்பிடவில்லை. அதன் மனேச்சராக இருந்தவர் இன்றில்லை, அவருடைய பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அந்தக் கோயிலில் தீர்த்தத் திருவிழா முடிந்து மத்தியானத்தில், பந்தலுக்குக் கீழே இரண்டு மேளக் கூட்டங்கள் மாறிமாறி வாசிப்பது வழக்கம். தவில் தனியாக வாசிக்கும் கட்டம் வந்ததும், தாளக்காரர் தம் கைத்தாளத்தை மடியில் வைத்துவிடுவார். அதன்பின் முன்னால் கதிரையில் இருக்கும் ஒருவர் தொடையில் போடும் கைதான் சபைக்குத் தாளம். வாசித்தது பிழைத்தால் அவர் வாயால் எதுவும் சொல்லமாட்டார். போட்டுக்கொண்டிருக்கும் கையை அப்படியே நிறுத்திவிடுவார். கை நின்றால் மேளம் நிற்க வேண்டும். அது அந்தக் கோயிலின் தீர்ப்பு. மேல்முறையீடு இல்லை. அந்தக் கதிரையில் பல வருடங்களாக இருந்தவர் சேர்வையர் இளையதம்பி.

நான் சொல்லும் வருடத்தில் தவில் வாசித்தவர் முருகேசு. அப்போது முப்பது வயது ஆகியிருக்காது. நாரந்தனையில் சிறு குடும்பம். நாதஸ்வரக்காரர் எடுத்த பாட்டு, தாளத்தின் முதல் தட்டில் தொடங்காமல் அரைத்தட்டுத் தள்ளித் தொடங்குவது. ஆகவே தவில்காரர் தன் கணக்கை முடிக்கும்போது முதல் தட்டில் வந்து விழக்கூடாது. அரைத்தட்டுத் தாண்டி, பாட்டுத் தொடங்கும் இடத்தில் விழ வேண்டும். இதை எனக்குச் சேர்வையர்தான் முன்கூட்டிச் சொல்லிவைத்திருந்தார். நான் அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். முருகேசு தன் கடைசிக் கணக்கைத் தொடங்கும் சமயத்தில் நான் அவர் பக்கம் சரிந்து, "வெள்ளிக்கிழமை வழக்குக்குப் படம் முடிஞ்சுதோ?" என்று கேட்டேன். அவர் தலையைத் திருப்பி, "ஓம், முடிஞ்சுது" என்றார். மறுபடி முன்னால் பார்த்தார். அவ்வளவே.

முருகேசு முடித்தார். நாதஸ்வரக்காரர் பாட்டைப் பிடித்துக்கொண்டார். சேர்வையரின் கை நின்றது.

மேளமும் நின்றது. முருகேசு சேர்வையரின் முகத்தைப் பார்க்கவில்லை. தொடையில் நின்றுபோன கையையே பார்த்தார். நாதஸ்வரக்காரர் வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்து, "ஐயா, எங்களுக்குப் பிழையாய்ப் படேல்லை" என்றார்.

"உன்னை ஆர் கேட்டது?" என்றார் மனேச்சர். "முருகேசு, காணும். மேளத்தை இறக்கு."

பின்வரிசையில் ஒருவர், "அரைத்தட்டு முந்தினவன் கலியாண வீட்டிலை தாலி ஏற முந்திக் கொட்டிப்போடுவான்!" என்றார். சனம் சிரித்தது. முருகேசு தவிலை இறக்கி வைத்து, வலக்கை விரல்களில் இருந்த கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கழற்றி முடியும்வரை சிரிப்பு நிற்கவில்லை.

அந்த ஒரு கிழமைக்குள் மூன்று கோயில்கள் அவருக்குச் சொல்லியிருந்த திருவிழாவை வேறு கூட்டத்துக்குக் கொடுத்துவிட்டன. கலியாண வீடுகளும் அவ்வாறே. அவர் குடும்பத்தோடு திருகோணமலைப் பக்கம் போகப் போகிறார் என்று பேச்சு அடிபட்டது. இது பிறர் சொல்லி நான் அறிந்தது.

பதினோராம் நாள் சேர்வையர் என் கந்தோருக்கு வந்தார். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. மேசையில் ஒரு துண்டுக் கடதாசியை வைத்தார். அதில் 'இருபது, மூன்று, இருபது, மூன்று, இருபது' என்று எழுதி, கீழே கோடிட்டு 'அறுபத்தாறு' என்று கூட்டப்பட்டிருந்தது.

"பெடியன் வாசிச்சது சரி. பிழைச்சது என்ரை கை" என்றார்.

நான் விளக்கம் கேட்டேன். ஒரு தட்டுக்கு நாலு மாத்திரை. எட்டுத் தட்டுள்ள தாளம் இரண்டு சுற்றுப் போனால் அறுபத்துநாலு. அரைத்தட்டுக்கு இன்னும் இரண்டு. ஆகவே முதல் தட்டில் தொடங்கியவன் அறுபத்தாறு மாத்திரை வாசித்தால் பாட்டின் இடத்தில் சரியாக விழுவான். முருகேசு அதைத்தான் வாசித்தார். இடையிலே சேர்வையரின் கை அரைத்தட்டுப் பிந்திவிட்டது. பிந்திய கையில் முருகேசுவின் முடிவு முதல் தட்டில் விழுந்ததாகத் தோன்றியது.

"இவன் அறுபத்துநாலு வாசிச்சிட்டு அரைத்தட்டை மறந்துபோனான் எண்டு நினைச்சன். அறுபத்துநாலு வடிவான எண், பிரக்கிராசியார். எங்கை வெட்டினாலும் சரிபாதி. அதை நானே எனக்குள்ளை போட்டிட்டு, அவன்ரை கையிலை கண்டனான். அவன் வாசிச்சது அறுபத்தாறு. என்ரை சங்கிலியின்ரை நீளம் எத்தினை அடி?"

"அறுபத்தாறு."

"ஒவ்வொரு நாளும் கையிலை பிடிக்கிற எண். காதிலை விழேல்லை."

இது அவருக்கு எப்போது தெரிந்தது என்று கேட்டேன். நயினாதீவில் அளந்துகொண்டிருந்தபோது என்றார். ஒரு கோட்டை முன்னுக்குப் பார்த்தும் பின்னுக்குப் பார்த்தும் கோணம் ஒத்துவந்தது; ஆனால் புத்தகத்தில் எழுதியது ஒத்துவரவில்லை. "முன்பார்வையும் பின்பார்வையும் ஒண்டாயிருந்தா பிழை எழுதினவன்ரை கையிலை. அப்பதான் யோசிச்சன். தவில் அரைத்தட்டு முந்தியிருந்தா நாதஸ்வரம் பாட்டைப் பிடிக்கேக்கை தடுமாறியிருக்க வேணும். தடுமாறேல்லை. ரெண்டு பேர் ஆளையாள் பாராமல் ஒரே அளவுக்குப் பிழைக்கிறதோ, நான் ஒருத்தன் பிழைக்கிறதோ? நீர் சட்டம் படிச்சனீர். சொல்லும்."

அவர் சொன்னதில் என்னால் பிழை காண முடியவில்லை. அவர் கோயிலில், சனத்தின் முன்னால் இதை ஒத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னபோதுதான் நான் வாயைத் திறந்தேன். அன்று நான் கொடுத்த ஆலோசனை சட்டப்படி சரியானது என்று இன்றும் நம்புகிறேன். அவருடைய சீவியம் எண்ணிக்கையில் தங்கியிருந்தது. அவருடைய படத்தை நம்பி நீதிமன்றம் காணி பிரிக்கிறது. எண்ணிக்கையில் பிழைத்தேன் என்று நூறு பேர் முன்னால் ஒருவர் சொன்னால், எதிர்த்தரப்பு அப்புக்காத்து அதை மறக்கமாட்டார். ஒவ்வொரு வழக்கிலும் எடுத்துப் போடுவார். முருகேசுவுக்கு வேறு விதமாக உதவலாம். மனேச்சரோடு தனியாகப் பேசலாம். அடுத்த வருடம் சத்தமில்லாமல் கூப்பிடலாம்.

"அடுத்த வருஷம் மட்டும் அவன் என்ன செய்யிறது?"

"நாங்கள் பாப்பம்."

"நான் பிழையெண்டு சொன்னது சனத்துக்கு முன்னாலை. சரியெண்டு சொல்லுறது குசினிக்குள்ளையோ?" என்றார்.

அவருடைய கை ஏன் பிந்தியது என்பதைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. எனக்கு அது நினைவிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானப் பூசை முடிந்து சனம் வெளியே வரும்போது பந்தல் போட்டிருந்த அதே இடத்தில் அவர் நின்றார்; பக்கத்தில் நானும் நின்றேன். முருகேசுவுக்கு முதல்நாளே சொல்லி அனுப்பியிருந்தார். முருகேசு வந்து தூணோரம் நின்றார். மனேச்சர் விரைவாக வந்து, தணிந்த குரலில், "விசர் வேலை பாக்காதையும், சேர்வையர். கோயிலுக்கும் குறை, உமக்கும் குறை. விட்டிடும்" என்றார்.

யாரோ ஒரு கதிரை கொண்டுவந்து வைத்தார்கள். அவர் இருக்கவில்லை. தவில்காரர் ஒருவர் நிற்கும்போது சேர்வையரைப்போன்ற ஒருவர் கதிரையில் இருந்துகொண்டு பேசுவதுதான் அக்கால வழக்கம். அவர் நின்றுகொண்டு பேசியதே சிலருக்குப் பொறுக்கவில்லை என்பதை முகங்களில் கண்டேன்.

"தீர்த்தத்தண்டு மத்தியானம் என்ரை கை அரைத்தட்டுப் பிந்திப்போச்சு. முருகேசு வாசிச்சது சரி. எனக்குப் பிழைச்சுப்போச்சு." அவ்வளவுதான். பிறகு முருகேசுவைப் பார்த்து, "அதை இன்னொருக்கா வாசிக்க ஏலுமோ?" என்று கேட்டார்.

"மேளம் கொண்டரேல்லை, ஐயா."

"வாயாலை சொல்லும்."

அதுவரை அவரை 'நீ' என்றே பேசிவந்தவர் அன்று 'சொல்லும்' என்றார். முருகேசு தொண்டையைச் செருமிக்கொண்டு சொற்கட்டாகச் சொல்லத் தொடங்கினார். சேர்வையர் ஒரு கையின் மேல் மறுகையால் தாளம் போட்டார். முதலில் மெதுவாக இருந்த முருகேசுவின் குரல் இரண்டாம் இருபதில் உயர்ந்தது. இடைவெளிகளில் மூன்று மாத்திரை மௌனம். நானும் விரலில் எண்ணிப் பார்த்தேன். எனக்கு அறுபத்தைந்து வந்தது. ஆனால் அவர்கள் இருவரும் ஒரே இடத்தில் வந்து நின்றார்கள் என்பது என்னைப்போன்றவனுக்கும் விளங்கியது. பக்கத்தில் நின்ற நாதஸ்வரக்காரர் வாத்தியமின்றி வாயாலே பாட்டின் அடியைப் பிடித்துக்கொண்டார். யாரும் கைதட்டவில்லை. சனம் செருப்புகளைத் தேடத் தொடங்கியது. முருகேசு திருகோணமலைக்குப் போகவில்லை. ஆவணி மாதக் கலியாணங்களுக்கு அவரை மறுபடி கூப்பிட்டார்கள்.

நான் எச்சரித்ததும் நடந்தது. ஆறு மாதத்துக்குள் ஒரு வேலி வழக்கில் எதிர்த்தரப்பு அப்புக்காத்து குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். சேர்வையருக்கு ஆங்கிலம் தெரியும். ஆயினும் தமிழிலேதான் சாட்சி சொல்வார்.

"கோயிலிலை எண்ணிப் பிழைச்சது நீர்தானே?"

"ஓம்."

"அதைச் சனத்துக்கு முன்னாலை ஒத்துக்கொண்டனீர்?"

"ஓம்."

"அப்ப இந்த வேலியிலையும் பிழைச்சிருக்கலாம்?"

"இருக்கலாம். அதாலைதான் சங்கிலியை ரெண்டு தரம் போட்டனான். கோயிலிலை ஒருக்காத்தான் எண்ணினனான்."

மொழிபெயர்க்கும் முதலியாருக்கு அதை ஆங்கிலத்தில் சொல்லி முடிக்கச் சிரிப்பு இடங்கொடுக்கவில்லை. நீதவானும் சிரித்தார். அந்த வழக்கு எங்களுக்குச் சாதகமாக முடிந்தது. ஆனால் சிரித்தவர்களும் மறக்கவில்லை. அடுத்த வழக்கிலும் அதே கேள்வி வந்தது, அதற்கடுத்ததிலும் வந்தது. வரவர அவருக்கு நீதிமன்ற ஆணைகள் குறைந்தன. பங்குவழக்குகளுக்கு வேறு சேர்வையர்களின் பெயரைப் பிரேரிப்பது வழக்கமாயிற்று. நானும் இரண்டு வழக்குகளில் அவ்வாறு செய்தேன். கட்சிக்காரரின் நன்மை கருதியே செய்ததாக அப்போது எண்ணினேன். அவருக்கு அது தெரியும். இரண்டாம் வழக்குக்கு மறுநாள் இறங்குதுறையில் கண்டபோது வழக்கம்போல, "என்ன பிரக்கிராசியார், தோணி பிந்துதோ?" என்று கேட்டார். தோணி பிந்தியது.

கடைசி வருடங்களில் அவர் சிறு காணிகளையே அளந்தார். கிணற்றுப் பங்கு, வழிவாய்க்கால், பனை வடலி. ஒவ்வொன்றையும் இரண்டு தரம் அளப்பார். கோயில் கதிரையில் அதன்பின் அவரை இருக்கச் சொல்லவில்லை. தீர்த்தத்தன்று பின்வரிசையில், தூணில் சாய்ந்து நின்று கேட்பார். அவருடைய கை தொடையில் போகும். அதை யாரும் பார்ப்பதில்லை.

தகனம் முடிந்து நான் சுடலையிலிருந்து திரும்பும்போது முருகேசு தெருவோரம் நின்றிருந்தார். தலை நன்றாக நரைத்துவிட்டது. இருவரும் இறங்குதுறைப் பக்கம் நடந்தோம். எனக்கு உடம்பு களைத்திருந்தது. களைத்தவன் காவல் தளர்ந்திருப்பான். இத்தனை வருடம் சொல்லாமல் வைத்திருந்ததை நடந்துகொண்டே சொன்னேன். அன்று சேர்வையரின் கவனத்தைத் திருப்பியது நான்தான்; அவசரமில்லாத ஒரு கேள்வியை அந்த நேரத்தில் கேட்டேன்; அதனால்தான் கை பிந்தியது.

"அது எனக்குத் தெரியும், ஐயா" என்றார் முருகேசு. "முன்னாலை இருந்துதானே வாசிச்சனான். நீங்கள் அவரிட்டைக் கதை குடுத்ததையும் கண்டனான், அவரின்ரை கை சறுக்கினதையும் கண்டனான்."

நான் நின்றுவிட்டேன். அவரும் நின்றார்.

"கண்டிட்டு நான் கையோடை போயிருக்கலாம். அரைத்தட்டை எங்கையாவது அமத்திப்போட்டு, பிந்தின கைக்கு வாசிச்சிருந்தா ஒருதருக்கும் ஒண்டும் தெரியாது. எங்கடை ஆக்கள் அப்பிடிச் செய்யிறதுதான். பெரியாக்கள் கதைச்சுக்கொண்டு பிந்துவினம், மேளம் பின்னாலை போகும். அண்டைக்கு நான் போகேல்லை. இளவயசுக் கோவம்."

"இதைச் சேர்வையரிடம் சொன்னீரோ?"

"சொன்னனான். அந்த வெள்ளிக்கிழமை, சனம் போனாப்பிறகு. நான் கையோடை வந்திருக்கலாம் ஐயா எண்டன். 'வராதது சரி' எண்டார். பிறகு நான் கேட்டன், பிரக்கிராசியார் கதை குடுத்ததாலைதானே வந்தது, அதை ஏன் நீங்கள் சொல்லேல்லை எண்டு."

"என்ன சொன்னார்?"

"'கேட்டது அவர். திரும்பினது நான்' எண்டார்."

முருகேசு நாரந்தனைப் பாதையில் திரும்பிப் போனார். நான் இறங்குதுறையில் ஒரு கல்லில் இருந்தேன். தோணிக்காரர் இரண்டு தரம் கூப்பிட்ட பிறகே எழுந்தேன்.

நீதிமன்றத்தில் எத்தனையோ ஒப்புதல்களைக் கேட்டிருக்கிறேன். சிலவற்றை நானே எழுதிக் கொடுத்தும் இருக்கிறேன். பிழை செய்தேன் என்று தொடங்கும் எந்த வாக்குமூலமும் காரணம் ஒன்றைச் சொல்லாமல் முடிந்ததாக எனக்கு நினைவில்லை. அவர் கோயிலில் சொன்னது மூன்று வசனம். காரணம் அவருடைய கைக்கு எட்டும் தூரத்தில், அவருக்குப் பக்கத்தில், வேட்டி சால்வையோடு நின்றுகொண்டிருந்தது. அவர் அதன் பக்கம் திரும்பவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த மூன்று வசனங்களை. இந்தப் பக்கங்களை நாலு தரம் எழுதிக் கிழித்தேன். ஒவ்வொரு தரமும் என் கேள்விக்கு ஒரு காரணம் வந்து சேர்ந்துகொண்டது: வழக்கு அவசரமாக இருந்தது, எனக்குத் தாளம் தெரியாது, அவர் பதில் சொல்லாமல் விட்டிருக்கலாம். அவற்றை அடித்துவிட்டேன். இத்தீவுகளில் ஆயிரம் காணிகளை ஒரு விரல் கூடாமல் குறையாமல் பங்கிட்டுக் கொடுத்த மனிதர், இந்த ஒன்றை மட்டும் பங்கிடாமல் முழுவதையும் தம் பெயரில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அதில் எனக்குரிய பாதியை, அவரை அறிந்த நீங்கள் எல்லாரும் சாட்சியாக, இன்று என் பெயருக்கு எழுதிக்கொள்கிறேன்.